ஓங்கிய கையும் ஓயாத வழக்கும்

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவதே வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, கோபத்தில் விடும் ஒரு குத்து. பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்ற படிப்பின் பயனை ஒரே நொடியில் அது அழித்துவிடக் கூடும் என்பதாலேயே இதனைப் பேசுகின்றோம்.

முதலில் உடலைக் கருதுவோம். மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. முஷ்டியால் ஓங்கிக் குத்தும்போது, சுண்டுவிரலுக்கு அடியிலுள்ள கையெலும்பு முறிவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயமாகும். எதிராளியின் பல் பட்டு விரல் முட்டி கிழிந்தால், வாயிலுள்ள கிருமிகள் மூட்டுக்குள் புகுந்து சீழ் பிடிக்கும். மருத்துவம் தாமதித்தால் விரலே மடங்காமற் போகலாம். குத்து வாங்கியவருக்கோ மூக்கெலும்பும் தாடையும் முறியலாம், கண்ணும் கெடலாம். இவற்றினும் கொடியது, அவர் நிலைதடுமாறி விழுந்து பின்னந்தலை தரையில் மோதுவது. எழுந்து நடந்து பேசியவர், மண்டைக்குள் இரத்தம் கசிந்து, சில மணி நேரத்திற்குப் பின் நினைவிழந்து இறப்பதும் உண்டு. கொல்ல எண்ணாதவனும் ஓர் உயிர் போனதற்குப் பொறுப்பேற்று நீதிமன்றத்தில் நிற்க நேர்வது இவ்வாறே.

இனிச் சட்டத்தைக் காண்போம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 115ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பல் உடைந்தாலும் எலும்பு முறிந்தாலும் அது கொடுங்காயம். அதனை வேண்டுமென்றே விளைவித்தவருக்கு 117ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். திடீரெனக் கடுமையாகத் தூண்டப்பட்டவருக்குத் தண்டனை குறையலாமேயன்றிக் குற்றம் இல்லாமற் போவதில்லை. தாக்க வருபவரைத் தேவையான அளவுக்குத் தடுக்கும் தற்காப்பு உரிமை அனைவருக்கும் உண்டு. ஆனால் வசைச்சொல்லுக்கு விடையாகக் கொடுக்கும் குத்து தற்காப்பு ஆகாது.

நம் இளைஞரின் கையை ஓங்கச் செய்வது எது? தேநீர்க் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ சாதிப் பெயர் சொல்லி இழித்துரைக்கும் சொல்லன்றோ! அச்சொல் எவ்வாறு சுடும் என்பதை நாம் அறிவோம். பலர் அறியப் பொதுவிடத்தில் அவ்வாறு இழிவுபடுத்துவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கை ஓங்காதவர் அங்கே புகார்தாரர். ஓங்கியவரோ எதிர்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். இரு தரப்பிலும் வழக்கு என்றானதும், “இருவரும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பேரம் தொடங்கும். இழித்துரைத்தவர் எளிதில் தப்பிவிடுவார். நம் பிள்ளையோ அரசுப் பணிக்குத் தேர்வாகும் நாளில், காவல்துறையின் நடத்தை விசாரணையில் அவ்வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஆகவே, உடனிருந்த சாட்சிகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தவாறே எழுதிப் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. நிலையத்தில் பதிய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். பட்டியல் வகுப்பினர் அனைவரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம்.

இது கோழைகளின் வழியன்று. 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் நீர் அருந்தினர், அதற்காகவே தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்கத் துடித்தோரை அண்ணல் தடுத்து நிறுத்தினார். தாக்கியவர்களில் சிலர் சிறைத்தண்டனை பெற்றனர். குளத்தைப் பற்றிய வழக்கும் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கமே தீர்ந்தது.

இளைஞர்களே! பணிந்து போங்கள் என்று நாம் கூறவில்லை. புகாரைக் கொடுங்கள், சாட்சியைத் திரட்டுங்கள், தீர்ப்பு வரும்வரை விடாது நில்லுங்கள் என்றே கூறுகின்றோம்.