கேட்பதற்கும் உரிமை உண்டு

2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நீரிழிவு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரலாயின. ஆயினும், அரிசியைக் குறைத்துச் சாமை உண்ணுங்கள் என்று அத்திட்ட ஊழியர் உபதேசிக்க, பரம்பரையாகச் சாமை விதைத்த கல்வராயன் மலைவாசி ஒருவர், இன்று தமக்குக் கைக்கெட்டுவன ரேஷன் அரிசியும் மரவள்ளியுமே என்று மறுத்துரைப்பாராயின், அது பிடிவாதமன்று. சிகிச்சைக்கு அத்தியாவசியமான விஷயம். சாமையும் மாவுப்பொருளே, அதற்கும் அளவுண்டு. சோதனை முடிவுகளைப் பற்றியும் இவ்வாறே பேசலாம். வெறும் வயிற்றில் செய்யும் இரத்தச் சர்க்கரைச் சோதனை அவ்வேளையின் நிலையையும், எச்பிஏ1சி சோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியையும் காட்டுமெனினும், இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் பின்னது மிகையாகவும் காட்டக்கூடும். ஆகையால் அவை முரண்படும்போது, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், "எனக்குச் சோகை உண்டா என்று பார்த்தீர்களா, ஐயா?" என்று வினவ நோயாளிக்குப் பூரண உரிமை உண்டு.