கார் ஷெட்டில் பிறந்த மட்டை



நீங்கள் பட்டம் பெறும் இப்படி ஒரு நாளுக்கு ஆசைப்பட்டு, அது கைகூடாமல் போன ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தவர். விவரம் தெரியுமுன்பே தாயை இழந்தார். பிறகு குடும்பம் அமெரிக்காவின் சியாட்டிலில் குடியேறியது. அப்பாவுக்குக் காலணி தைக்கும் தொழில். மகன் இயந்திரவியல் படிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓராண்டுதான். பெருமந்தக் காலம், கட்டணத்துக்குப் பணமில்லை. திரும்பவும் செருப்புக் கடைக்கே போனார்.

1936இல் லூயிஸ் என்ற பெண்ணை மணந்தார். மூன்று மகன்கள், ஒரு மகள். குடும்பத்தைக் காப்பாற்றச் செருப்புத் தைத்தார், சமையல் பாத்திரம் விற்றார். போர்க்காலத்தில் பொறியியல் பாடங்களைப் பகுதிநேரமாகப் படித்து விமான நிறுவனத்தில் நுழைந்தார். அங்கிருந்து ஏவுகணை வேலை, பிறகு ஜெனரல் எலக்ட்ரிக். பட்டம் இல்லாமலே பொறியாளரானார்.

அதுவரை அவர் கோல்ஃப் ஆடியதில்லை. 1954இல் உடன் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறதென்று கூப்பிட்டார்கள். அப்போது வயது 42. ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. பந்துதான் குழியில் விழ மறுத்தது. நாலடி தூரத்தில் பந்து கிடக்கும். மெல்லத் தட்டினால் போதும். தட்டுவார், விலகிப் போகும்.

நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் என்ன சொல்வோம்? "எனக்குக் கை வராது" என்போம். கார்ஸ்டன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைய மட்டையின் தலை ஒரு தட்டையான தகடு. பந்து நடுவில் படாமல் கொஞ்சம் ஓரத்தில் பட்டால் தகடு கைக்குள்ளேயே திருகிக்கொள்ளும். பந்து திசை மாறும். பாரத்தை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோனால்? இரண்டு சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டி அதைச் சோதித்துப் பார்த்தார்.

இயந்திரவியல் மாணவர்களுக்கு இது புரிந்திருக்கும். நிலைமத் திருப்புத்திறன். மற்றவர்கள் கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் நீள மூங்கில் எதற்கு? பாரம் நுனிகளுக்குத் தள்ளிப் போகப்போக அது சட்டென்று சுழலாது. இந்த மட்டையும் அப்படித்தான். ஆடுபவரின் சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும்.

1959இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், வீட்டுக் கார் ஷெட்டில் முதல் மட்டை உருவானது. பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்தது. அதையே பெயராக வைத்தார். ஜான் என்ற மகன் அப்போது பள்ளிச் சிறுவன். அப்பாவுக்குக் கையாளாக நின்றான். கணக்கை லூயிஸ் பார்த்துக்கொண்டார். கார்ஸ்டன் பகலில் அலுவலகம் போய், மாலையில் மட்டை செய்தார். இப்படி ஓரிரு மாதமல்ல, எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். கனவுக்காக வேலையை உதறியவர்களின் கதைகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான்கு பிள்ளைகளின் தகப்பன் சம்பளத்தையும் விடாமல் கனவையும் விடாமல் இருந்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

1966 ஜனவரியில் புதியதொரு வடிவம் மனதில் உதித்தது. கைக்கெட்டிய இசைத்தட்டு உறையில் அதை வரைந்தார். பெயர் வேண்டும். 'ஆன்சர்' என்று வை, பதில் என்று பொருள்படட்டும் என்றார் லூயிஸ். ஆங்கிலத்தில் எழுதினால் மட்டையின் நுனியில் அத்தனை எழுத்துகளுக்கு இடமில்லை. அதற்கும் லூயிஸே வழி சொன்னார்: ஒலிக்காத டபிள்யூ எதற்கு, எடுத்துவிடு. 1967இல், ஐம்பத்தைந்து வயதில், கார்ஸ்டன் வேலையை விட்டார். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் சொந்த நிறுவனம் எழுந்தது. அந்த ஆன்சர் வடிவத்தை ஏதோ ஒரு வகையில் பின்பற்றாத மட்டை நிறுவனம் இன்று அரிது.

அதன்பின் அவர் செய்த ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரே கோணத்தில் மட்டை செய்தால் எப்படி என்று கேட்டார். ஆடுபவரின் உயரத்தையும், மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து, அவரவருக்கேற்ற கோணத்தை ஒரு வண்ணப் புள்ளியால் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இதை அவர் ஏவுகணைத் தொழிற்சாலையில் கற்றிருக்க முடியாது என்பது என் எண்ணம். வாடிக்கையாளரின் பாதத்தை மடியில் வைத்து அளவெடுத்த கை அது. காசில்லாமல் படிப்பை விட்டுத் திரும்பிய அந்தக் கடையில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை.

1990இல் அமெரிக்க, ஐரோப்பிய வீராங்கனைகள் மோதும் சோல்ஹைம் கோப்பை அந்தக் குடும்பத்தின் பெயரில் தொடங்கியது. 1995இல் நிறுவனப் பொறுப்பு ஜானிடம் வந்தது. கார் ஷெட்டில் கையாளாக நின்ற அதே ஜான். 2000 பிப்ரவரியில் கார்ஸ்டன் காலமானார்.

பின்வரிசைகளில் உங்கள் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் கட்டணத்துக்காக அவர்கள் எதையெல்லாம் விற்றார்கள், எந்த வேலையெல்லாம் செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சியாட்டிலின் அந்த இளைஞருக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தது. இன்னும் சற்று நேரத்தில் உங்கள் பெயரை அழைப்பார்கள். மேடைக்கு வரும்போது ஒரு முறை திரும்பி அந்த வரிசைகளைப் பாருங்கள். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.