சந்திரனில் குடியிருந்த பொம்மைகள்



விண்வெளி யுகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராக்கெட்டின் எடையைக் குறிக்கிறார்கள். வீரர்களின் பெயர்களைக் குறிக்கிறார்கள். அதே ஆண்டுகளில் வீட்டுத் தரையிலும் கொல்லைப்புறத்து மணலிலும் நிகழ்ந்த சந்திரப் பயணங்களை அவர்கள் குறிப்பதில்லை. அப்பயணங்களை மேற்கொண்ட அமெரிக்கச் சிறுவர்களுக்கு இன்று அறுபது வயது கடந்துவிட்டது. ஆயினும் அவர்கள் அவற்றை மறந்தார்களில்லை.

1966-ஆம் ஆண்டில் மேட்டெல் நிறுவனம் 'மேஜர் மேட் மேசன்' என்னும் பொம்மையை உருவாக்கியது. 1959-இல் பார்பி என்னும் பாவையைத் தந்த நிறுவனந்தான் இது. மேசனின் உயரம் ஏறத்தாழ ஆறு அங்குலம். வெண்ணிற உடை, தலைக்கவசம். அவருக்குச் சந்திரனே ஊர்; அங்கே ஆராய்ச்சி செய்வதே தொழில். மனிதன் சந்திரனில் கால் வைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன!

மனம்போன கற்பனையாக இப்பொம்மை தொடங்கவில்லை. விமானம், விண்வெளி பற்றிய அந்நாளைய இதழ்களில் வெளிவந்த திட்டங்களைப் பார்த்தே இதனை அமைத்தார்கள். உடையின் முழங்கையும் முழங்காலும் கொல்லன் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அது வெறும் அலங்காரமன்று. காற்றில்லாத வெளியில், காற்றடைத்த உடை விறைத்து நிற்கும். மடிப்பு இல்லையேல் கையை வளைப்பது பெரும்பாடு. பாடப் புத்தகம் சொல்லித் தருவதற்கு முன்பே எட்டு வயதுச் சிறுவனின் விரல்கள் இதைத் தடவி அறிந்துகொண்டன. மேசனுக்கு மூன்றடுக்கு நிலையம் ஒன்று உண்டு. சக்கரத்துக்குப் பதிலாக ஆரக்கால்களை ஊன்றி ஊன்றி நடக்கும் மின்கல வண்டியும் உண்டு. மெத்தை, தலையணை எல்லாவற்றின்மேலும் அது ஏறிவிடுமாம்! (1971-இல் உண்மையாகவே சந்திரனில் ஓடிய வண்டிக்குக் கம்பி வலையால் பின்னிய சக்கரங்களே அமைந்தன.)

பொம்மையின் ரப்பர் போன்ற உடலுக்குள்ளும் கம்பிதான் இருந்தது. அதனால் எந்த நிலையிலும் அதனை நிறுத்தலாம். ஆனால் ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும்? உலோகம் களைத்துவிடும், நுண்ணிய வெடிப்புகள் பெருகி ஒருநாள் ஒடிந்துவிடும். மிகுதியாக விளையாடிய குழந்தையின் பொம்மையே முதலில் ஒடிந்தது. எனக்குப் பழக்கமான அமெரிக்க நண்பர் ஒருவர் சொன்னார்: கை ஒடிந்து தொங்கிய வீரரை அவர் எறிந்துவிடவில்லை. சந்திரப் பள்ளம் ஒன்றில் கிடத்தினார். மற்ற வீரர்களைக் கயிற்றில் இறக்கினார். அந்த மீட்புப் பணி ஒரு கோடை விடுமுறை முழுவதும் நடந்ததாம். முழுமையான பொம்மை அவருக்கு இவ்வளவு கதை தந்திருக்குமா என்பது ஐயமே.

மேசனுக்குத் துணைவர் மூவர். சிவப்பு உடையில் சார்ஜெண்ட் ஸ்டார்ம். மஞ்சள் உடையில் டக் டேவிஸ். நீல உடையில் ஜெஃப் லாங். இந்த ஜெஃப் லாங் கறுப்பினத்தவர், ராக்கெட் நிபுணர். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர், கையன் புளூஃபோர்டு, விண்வெளிக்குச் சென்றது 1983-இல். நாடு இடந்தரத் தயங்கிய ஒருவருக்குச் சிறுவர்களின் மணல்மேடு முன்னரே இடந்தந்துவிட்டது. இப்பொம்மைகளைப் பற்றி நான் பேச முன்வந்ததற்கு இதுவே முதற் காரணம்.

1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கினர். பொம்மை வியாபாரம் பெருகியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? 1970-களின் தொடக்கத்திலேயே மேசன் கடைகளிலிருந்து மறைந்தார். 1972 டிசம்பரில் கடைசி மனிதர்களும் சந்திரனிலிருந்து திரும்பினர். தொலைக்காட்சியில் அன்றாடம் கண்ட சந்திரன் பக்கத்துத் தெருவைப் போல ஆகிவிட்டது போலும்.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வந்தது. மறு ஆண்டு அதன் பாத்திரங்கள் மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைகளாக வந்தன. சட்டைப்பையில் அடங்கும், எளிதில் ஒடியா. கழுத்தும் தோளும் இடுப்பும் மட்டும் அசையும்; முழங்கை மடங்காது.