மூன்றாம் நாளே வீடு தேடிச் செல்வோம்

 

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் தொடங்கிய காலத்தில், நம் பிள்ளைகள் பள்ளியின் வாயிலைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று பள்ளியில் சேர்ப்பது பற்றி நாம் அத்துணை கவலைப்பட வேண்டியதில்லை. சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடிக்கும்வரை அங்கே நிலைத்திருக்கிறதா என்பதே நம் கவலையாக இருத்தல் வேண்டும்.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. எட்டாம் வகுப்போடு அதன் காவல் முடிந்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016இல் திருத்தப்பெற்ற பின்னும், 14 வயது நிரம்பியவரை அபாயமற்ற தொழில்களில் அமர்த்துவதைத் தடுக்கவில்லை. கூலி வேலைக்கு உடல் தேறும் வயதும் அதுவே. பெண்ணாயின் உற்றார் வரன் பேசத் தொடங்கும் வயதும் அதுவே. ஆகவேதான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை நான் மிகுந்த அச்சத்தோடு பார்க்கிறேன்.

பிள்ளை ஏன் நின்றது என்று கேட்டால், "படிப்பு ஏறவில்லை" என்னும் விடையே எல்லார் வாயிலும் வருகிறது. அது உண்மையான காரணமன்று. நான் செய்த ஒரு பிழையைக் கூறினால் இது விளங்கும்.

என் பணிக்காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதலில் வாரத்தில் ஒரு நாளும், பின்னர் மூன்று நாளும் வாராதிருந்தான். ஒரு மாதத்தின் பின் வருகைப் பதிவேட்டில் "நீண்ட நாள் வராமை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தைப்பொங்கல் கழிந்து அவன் குடும்பம் செங்கற்சூளைக்குப் போய்விட்டது. பிறகொரு நாள் அவன் தாயாரிடம் வினவினேன். "ஐயா, இங்கிலீஷ் பாடத்தைப் படிக்கச் சொன்னாங்களாம். எழுத்துக் கூட்டத் தெரியாம நின்னிருக்கான். எல்லாரும் சிரிச்சாங்களாம். அதுக்கப்புறம்தான் வயித்துவலின்னு படுத்துக்கிட்டான்" என்றார் அந்த அம்மையார். வறுமை அவனைச் சூளைக்கு இட்டுச் சென்றது உண்மை. எனினும் அதற்கு முன்பே வெட்கம் அவனை வகுப்பிலிருந்து வெளியேற்றிவிட்டது. முதல் வாரத்திலேயே அவன் வீட்டிற்கு யாரேனும் சென்றிருந்தால் அவன் நின்றிருக்கமாட்டான். அந்த யாரேனும் நானாகவே இருந்திருக்கலாம். நான் செல்லவில்லை.

வெட்கத்தினும் கொடியது சாதி இழிவு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர் சில நாட்கள் பள்ளிக்கு வாராதிருந்தார். ஆசிரியர்கள் காரணம் வினவியபோது சக மாணவர்களின் துன்புறுத்தல் வெளிப்பட்டது. புகார் எழுந்தபின் அவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுத்த தங்கையும் காயமுற்றார். இதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் தன் அறிக்கையை அளித்தது. இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? காரணம் கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. உண்மையைச் சொன்ன பிள்ளைக்குக் காவலாகவும் ஊர் நிற்க வேண்டும்.

இளைஞர்களே! உங்களிடம் நான் நான்கு பணிகளை ஒப்படைக்க விரும்புகிறேன்.

ஒன்று: தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, எந்தப் பிள்ளையேனும் தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்குச் செல்லாவிடின் அன்று மாலையே வீடு தேடிச் செல்லுங்கள். அதட்ட வேண்டா, அமர்ந்து பேசுங்கள்.

இரண்டு: நம் இரவுப் பாடசாலையில் வினா விடை மனப்பாடத்தைச் சற்றே நிறுத்திவிட்டு, தமிழும் ஆங்கிலமும் பிழையின்றி வாசிக்கப் பழக்குங்கள். எட்டாம் வகுப்பு வரை எவரும் நிறுத்தப்படாமையால், வாசிக்க இயலாத குறை ஒன்பதாம் வகுப்பில்தான் வெளிப்படுகிறது.

மூன்று: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றுத் தாருங்கள். 9, 10ஆம் வகுப்பு மாணவர்க்கென 2012இல் மத்திய அரசு தொடங்கிய கல்வி உதவித்தொகையை, ஒரு தாள் குறைந்தமையால் நம் பிள்ளை இழத்தலாகாது.

நான்கு: பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையை முடிவு வெளியான அன்றே சென்று பாருங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே கிடைக்கும். அந்த நாட்களில்தான் மில் வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகரும் வருகிறார்; பெண்ணுக்கு மணம் பேசுவோரும் வருகின்றனர். அவர்கள் வருமுன் நீங்கள் சென்றாக வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் துன்பம் நான் அறியாததன்று. சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ நீங்கள் போகத்தான் வேண்டுமெனில், பிள்ளையை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ விட்டுச் செல்லுங்கள். எங்குச் சேர்ப்பது என்று தெரியாவிடின் இச்சங்கத்தின் கதவைத் தட்டுங்கள்.

பம்பாயில் ஒரு பூங்காவில் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவன் பீமராவைக் கவனித்தவர் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். 1907இல் அச்சிறுவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர்க் கல்லூரிப் படிப்பு பொருளின்றித் தடைப்பட இருந்த வேளையில், பரோடா மன்னரின் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. அண்ணல் அம்பேத்கரின் அறிவும் உழைப்பும் அவருக்கே உரியன. ஆயினும் அவர் படிப்பு நின்றுவிடக்கூடிய இடத்தில், அதைக் கண்டு உதவிய ஒருவர் இருந்தார்.

நம் தெருக்களிலும் அத்தகைய ஒருவர் இருத்தல் வேண்டும். அடுத்த திங்கட்கிழமை முதல் நம் சேரியில் எந்தெந்தப் பிள்ளை பள்ளிக்குச் செல்லவில்லை என்று பாருங்கள். வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்திற்கு நீங்கள் செய்யும் சிறந்த சிறப்பு அதுவேயாகும்.