வீட்டுத் தோட்டத்தில் ஒரு வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் இல்லத்தில் அமைத்த வானாய்வகமே, 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்துக்கு வித்தாயிற்று. அங்கு கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது.

தோட்டத்தில் வானாய்வகம் கட்ட விழைவோரும், நடமாட்டத்தின் அதிர்வு தொலைநோக்கியை எட்டாதவாறு, அதைத் தாங்கும் கான்கிரீட் தூணைத் தரைத்தளத்தோடும் சுவரோடும் ஒட்டாமல் தனி அடித்தளத்தில் எழுப்ப வேண்டும். குவிமாடம் எனப்படும் அரைக்கோளக் கூரை, சுவரின்மேல் வட்டமாகப் பதித்த தண்டவாளத்தில் சக்கரங்களால் சுழன்று, தன் நீண்ட திறப்பை எத்திசைக்கும் திருப்புவதோடு, காற்றையும் தெருவிளக்கின் ஒளியையும் தடுக்கிறது. மல்லசமுத்திரம் போன்ற சமவெளி ஊர்களில், பகல் வெயிலில் சூடேறிய கூரைக்குள் தங்கும் வெப்பக் காற்று விண்மீன்களின் உருவைக் கலங்கச் செய்யுமாதலால், குவிமாடத்துக்கு வெள்ளை வண்ணம் பூசி, மாலையிலேயே அதைத் திறந்துவைத்தல் நலம்.

பெருநகரங்களைவிட இருண்ட வானம் வாய்த்த இத்தகைய ஊர்களின் பள்ளிகள், மாணவர்களுக்காக இம்முயற்சியில் இறங்குதல் வேண்டும்.