விமானியின் ஓய்வும் நமது பயணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருப்பதி விமான நிலையம் நமது ரேணிகுண்டாவில்தான் இருக்கிறது என்பதை ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு நாம் எத்தனை முறை எடுத்துரைத்திருப்போம்! எனினும், இருப்புப் பாதையை நம்பிப் பிழைக்கும் நாம் ஆகாயத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். பேசலாம். வேலை நேரப் பட்டியல் இரு துறைக்கும் பொதுவானது.

சிக்னலைக் கண்டதும் இஞ்சின் ஓட்டுநரும் உதவியாளரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லுதல் நமது விதி. விமானி அறையிலும் ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்க, மற்றவர் விடை பகர்கிறார். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் 299 என்னும் புதிய விமானம், சுக்கான்களின் பூட்டை விடுவிக்க மறந்தமையால் வீழ்ந்தது. அப்பட்டியல் பிறந்தது அதன் பின்னரே.

விமானிகள் கூறுவது இதுதான்: அறைக்குள் விதிகளுக்குக் குறைவில்லை, அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டியவன் தெளிந்த விழிப்போடு இருக்கிறானா என்பது கம்பெனியின் அலுவலகத்தில் முடிவாகிறது. இதனை வெறும் தொழிற்சங்கப் பேச்சென்று தள்ளுவதற்கில்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 உயிர்கள் மாண்டன. அப்பயணத்தில் தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கியதையும், இறங்காமல் மீண்டும் மேலெழும்புமாறு உதவி விமானி கூறியும் அவர் இறங்கியதையும் விசாரணை வெளிப்படுத்தியது. 2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில், கொட்டும் மழையில், பின்காற்றோடு இறங்கிய விமானம் ஓடுபாதையைக் கடந்து உருண்டது. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் மாண்டனர். மறுநாட் காலை வேறொரு விமானத்தை ஓட்டும் பொறுப்பு அத்தலைமை விமானிக்கு இருந்தது; எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டுமென்ற எண்ணத்தை அது வளர்த்தது என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. அந்நிலையத்தில் உதவி விமானிகள் 26 பேர். தலைமை விமானி ஒரே ஒருவர்! பட்டியல் எழுதும் எந்தக் குமாஸ்தாவும் இக்கணக்கைக் கண்டு திடுக்கிடுவான்.

2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவில் ஆறு முறை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் தயங்கின, விமானிகள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். முடிவில் 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக விதிகள் இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில் இண்டிகோ கம்பெனி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. பெட்டி படுக்கையுடன் மக்கள் தவித்தபோது, நமது ரயில்வே 37 வண்டிகளில் 116 பெட்டிகளைக் கூடுதலாக இணைத்தது. (இதைச் சொல்லுகையில் நமக்குச் சிறிது பெருமிதமே!) ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தும் போதிய விமானிகளைச் சேர்க்கவில்லை என்று விமானிகள் சங்கங்கள் குற்றஞ்சாட்டின. அரசோ, அக்கம்பெனிக்கு இரவு விதிகளில் 2026 பிப்ரவரி 10 வரை தளர்வு அளித்தது. தயாராகாதவனுக்கே சலுகை கிட்டியது நியாயமென்று நமக்குப் படவில்லை.

நம் ஓட்டுநர்க்கு விதிப்படி உள்ள ஓய்வு மாதத்தில் நான்கு முறை 30 மணி, அல்லது ஐந்து முறை 22 மணி. விமானியின் 48 மணியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைத் தங்களிடமே விடுகிறோம். இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்து பகலில் உறங்குவோர் வீடுகள் நம் காலனியில் பல உள்ளன. ஆகவே இன்று மாலை இசை நிகழ்ச்சி தொடங்கும்வரை, ஒலிபெருக்கியை அவ்வரிசைப் பக்கம் திருப்ப வேண்டாமென்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.