மருந்து எல்லோருக்கும் கிடைக்க: மாணவர் அறியாத ஓர் ஆய்வுத்துறை



மருந்து என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வரும் வேலைகள் மூன்று: மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை, இனி அந்த உலகத்தில் தனக்கு இடமில்லை என்று ஒடிந்து போகிறது. வணிகவியல், பொருளியல் படிக்கும் பிள்ளையோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இந்த இருவருக்கும் ஏற்ற துறை ஒன்று இருக்கிறது. அதுதான் மருந்துக் கொள்கை ஆய்வு.

மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது ஏழைக்கும் எட்டும்படி செய்வது இன்னொரு வேலை. மருந்தின் விலை எப்படி அமைகிறது? எந்த மருந்துகளை அரசு வாங்க வேண்டும்? வாங்கியவை ஆரம்ப சுகாதார நிலையம் வரை போய்ச் சேர்கின்றனவா? வளரும் நாடுகளுக்கு இவை உயிர் காக்கும் கேள்விகள். இவற்றுக்கு விடை தேடுவதே இந்த ஆய்வு. இதன் பயனை மூன்று எடுத்துக்காட்டுகளில் பார்ப்போம்.

முதலாவது, வங்கதேசம். உலக சுகாதார நிறுவனம் 1977இல் இன்றியமையா மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அந்தச் சிந்தனையைப் பின்பற்றி வங்கதேசம் 1982இல் தேசிய மருந்துக் கொள்கையை அறிவித்தது. பயனற்றவை, தேவையற்றவை எனச் சுமார் 1,700 மருந்துகளை விலக்க முடிவு செய்தது. இதில் முன்னின்றவர்களில் ஒருவர் மருத்துவர் ஜாஃபருல்லா சௌத்ரி. இன்று அந்நாடு தனக்கு வேண்டிய மருந்துகளில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இரண்டாவது, நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம். 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. அதனால் வேறு செய்முறையில் அதே மருந்தை நம் நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்தன. ஓராண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் விலையிருந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஏற்ப 2005இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் 3(டி) என்ற பிரிவு ஒரு காவலாக நின்றது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது அந்தப் பிரிவு. அதன்படியே 2013இல், நோவார்ட்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குக் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. சட்டம் படிக்கும் மாணவருக்கும் இங்கே வேலை உண்டு என்பது புரிகிறதல்லவா?

மூன்றாவது, நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கப்பட்டது. மருந்துப் பட்டியல், திறந்த ஒப்பந்தப்புள்ளி, ஆய்வகப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் என்று அமைந்த இந்த முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. இங்கே தேவைப்பட்டது புள்ளியியலும் மேலாண்மையும்.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்? மருந்தியல், பொருளியல், புள்ளியியல், சட்டம், செவிலியம் ஆகியவற்றில் எதிலிருந்தும் தொடங்கலாம். பி.ஃபார்ம். படிக்க நீட் தேவையில்லை. பிறகு பொதுச் சுகாதாரத்திலோ சுகாதாரப் பொருளியலிலோ முதுகலை. அதன்பின் முனைவர் பட்டம். சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகின்றன. படித்தவர்கள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அரசுத் திட்டங்களிலும் பணியாற்றலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது நீண்ட பாதை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும். வருமானம் மெதுவாகத்தான் வரும். குடும்பத்தின் நிலையையும் உதவித்தொகை வாய்ப்புகளையும் மாணவரோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசிய பிறகே இந்த வழியைக் காட்டுங்கள்.

விதையை மட்டும் இன்றே போடலாம். தொடக்க வகுப்பில், மாத்திரை தீர்ந்த வெற்று அட்டையைக் கொண்டுவந்து தயாரித்த நாள், காலாவதி நாள், விலை ஆகியவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில், ஒரே மூலப்பெயரும் ஒரே அளவும் கொண்ட இரு நிறுவன மாத்திரைகளின் விலையை ஒப்பிட்டு, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு, வேறுபாடு எத்தனை சதவீதம் என்று கணக்கிடச் சொல்லுங்கள். மருந்து விலை ஆய்வாளர்களும் பல நாடுகளில் கையில் பட்டியலோடு கடை கடையாகச் சென்று, மருந்து இருக்கிறதா, என்ன விலை என்று இப்படித்தான் குறித்துவருகிறார்கள்.

“ஒரே மருந்துக்கு ஏன் சார் இரண்டு விலை?” என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கேள்வியில்தான் இந்தத் துறை தொடங்குகிறது.